வெள்ளமும் சருகும்: தாமிரபரணிக் கரையில் ஒரு பாடம்

நம் உழவர்கள் பயிருக்கு வேண்டிய முதன்மையான சத்துக்களை மூன்றாக வகுத்துத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என வழங்குகின்றனர். இவற்றுள் தழைச்சத்து என்பது விஞ்ஞானிகள் நைட்ரஜன் எனக் கூறும் பொருளாகும். பயிரைத் தழைக்கச் செய்வதும் அதுவே. தழையினின்று நிலத்துக்குத் திரும்பி வருவதும் அதுவே. இதனை நன்கு அறிந்திருந்தமையாலன்றோ, நம் முன்னோர் புங்கந்தழையையும் பூவரசந்தழையையும் கொழுஞ்சியையும் வயற்சேற்றில் இட்டு மிதித்தனர்!

வயலில் தழையை உரமெனப் போற்றும் நாம், ஆற்றங்கரையில் மரங்கள் தாமே உதிர்க்கும் சருகைக் குப்பையெனக் கருதித் தீயிடுகிறோம். ஆறு பெருகிவந்து அச்சருகைக் கொண்டு சென்றால், ஆறு கரையைத் துப்புரவு செய்துவிட்டது என மகிழ்கிறோம். அவ்வாறு சென்ற சருகு எங்கே போயிற்று, யாருக்குப் பயன்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தின் வழியாகக் கடலைச் சேரும் தாமிரபரணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பருவ வெள்ளத்துக்கும் கரையோரச் சருகுக்கும் உள்ள தொடர்பை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று இதனை எண்ணிப் பார்க்க வேண்டிய காரணமும் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைக் காட்டிலும் இது அதிகமாகும். தாமிரபரணி கரைபுரண்டது, ஊர்களும் வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் நீரில் மூழ்கின. இத்தகைய பெருந்துன்பத்துக்குப் பின்னர், கரையிலுள்ள மரத்தையும் புதரையும் அடியோடு அகற்றிவிட்டால் வெள்ளம் தடையின்றி ஓடுமே என்ற எண்ணம் மக்கள் உள்ளத்தில் எழுவது இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்பதைத் தெளிய வேண்டுமானால், கரைக்காடு என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஆறும் அதன் பருவங்களும்

தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வழியாக ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலை அடையும் ஆறு இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து ஆற்றுக்கு நீர் தருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மலையிலும் சமவெளியிலும் பெய்கிறது. இவ்விரு மழைகளை ஒட்டியே கார், பிசானம் என்னும் இருபோக நெற்சாகுபடி இங்கே அமைந்தது. ஆற்றின் குறுக்கேயுள்ள எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டாகும். அதற்குக் கீழே ஏரல், ஆத்தூர், முக்காணி ஆகிய ஊர்களை அடுத்து ஓடும் ஆறு, முகத்துவாரத்தை நெருங்கும்போது பல கால்களாகப் பிரிந்து கண்டல் காடுகளினூடே கடலுக்குள் செல்கிறது.

ஆற்றங்கரையில் மருதம், நாவல், புங்கம், இலுப்பை முதலிய மரங்கள் வளர்கின்றன. இவற்றுட் பல தை முதல் பங்குனி வரையுள்ள வறண்ட நாட்களில் இலையுதிர்த்துப் பின்பு புதிதாகத் துளிர்க்கின்றன. மரம் இலையை உதிர்ப்பதற்கு முன்னர் அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பெரும் பகுதியைத் தன் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஆகவே பச்சைத் தழையில் உள்ள அளவு சத்து, பழுத்து விழுந்த சருகில் இராது. ஆயினும் எஞ்சியிருப்பது சிறிதன்று. ஆண்டுதோறும் ஒவ்வொரு மரமும் தவறாமல் இடும் காணிக்கை அது.

இங்கே ஒரு சிறப்பினைக் கவனித்தல் வேண்டும். சருகு விழும் காலம் ஒன்று. வெள்ளம் வரும் காலம் மற்றொன்று. மாசியிலும் பங்குனியிலும் விழுந்த சருகு கோடை முழுவதும் வெயிலில் காய்ந்து கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகும்போதுதான் கரையின் மேல்தளம் வரை நீர் ஏறுகிறது. இடைப்பட்ட மாதங்களில் கரை ஒரு களஞ்சியமாக இருந்து சருகைச் சேர்த்து வைக்கிறது. வெள்ளம் வந்து அக்களஞ்சியத்தைத் திறக்கிறது.

சருகு மட்கும் விதம்

சருகு மண்ணாவது ஒரே நாளில் நிகழ்வதன்று. அது மூன்று படிகளில் நடைபெறுகிறது.

முதற்படி ஊறல். காய்ந்த இலை நீர்பட்டவுடன், அதிலுள்ள சர்க்கரைப் பொருள்கள், சாம்பல்சத்து, துவர்ப்புப் பொருள் முதலியவை நீரில் கரைந்து வெளியேறுகின்றன. உதிர்ந்த இலைகள் மிதக்கும் குட்டையின் நீர் தேநீர் நிறமாக மாறுவதை யாவரும் கண்டிருப்பர். முதற் சில நாட்களிலேயே இலை தன் எடையில் கணிசமான பங்கை இவ்வாறு இழந்துவிடும்.

இரண்டாம் படியில் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இலைமீது பரவி, அதன் கடினமான பகுதிகளைக் கரைத்து உண்கின்றன. அவை தம் உடலை வளர்க்கச் சுற்றியுள்ள நீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் தழைச்சத்தை ஈர்த்துக்கொள்கின்றன. ஆகையால் இலையின் எடை குறையக் குறைய, எஞ்சிய இலையில் தழைச்சத்தின் விகிதம் கூடுகிறது. வெறுங்கஞ்சியில் தயிர் சேர்ந்தாற்போல, சத்தற்ற சருகு இப்போது உயிர்களுக்கு ஏற்ற உணவாக மாறுகிறது.

மூன்றாம் படியில் சிற்றுயிர்கள் அதைத் துண்டாக்குகின்றன. கரையில் மண்புழுவும் கரையானும், நீரில் பூச்சிகளின் இளம்புழுக்களும் நத்தைகளும், கழிமுகத்தில் நண்டுகளும் இவ்வேலையைச் செய்கின்றன. அவை தின்று கழித்த நுண்துகள் மீண்டும் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. இறுதியில் ஒரு பகுதி மட்காக மண்ணில் தங்குகிறது. ஒரு பகுதி பயிர்ச்சத்தாகப் பிரிகிறது. பெரும்பகுதி கரியமில வாயுவாகக் காற்றிற் கலக்கிறது.

எல்லா இலைகளும் ஒரே வேகத்தில் மட்குவதில்லை. மென்மையும் தழைச்சத்தும் மிகுந்த புங்கிலை விரைவில் மட்கும். தடிப்பும் துவர்ப்பும் மிகுந்த இலைகள் நெடுநாள் கிடக்கும். பல்வகை மரங்கள் கலந்து நிற்கும் கரையில், சில சருகு உடனடி உணவாகவும், சில சருகு சேமிப்பாகவும் உதவுகின்றன. ஒரே இன மரம் நிறைந்த கரையில் இந்த ஒழுங்கு அமைவதில்லை.

வெள்ளம் செய்யும் நான்கு வேலைகள்

வெள்ளம் சருகின்மீது நான்கு வகையாகச் செயற்படுகிறது.

முதலாவது, ஈரம் தருதல். கோடையில் சருகு மட்காமல் கிடப்பதற்குக் காரணம் ஈரமின்மையே. நீர் ஏறி இறங்கிய பின்னர் நுண்ணுயிர்கள் விழித்தெழுகின்றன. நனைதலும் காய்தலும் மாறிமாறி நிகழும் இடத்தில், ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைப்பதால் மட்குதல் பெரும்பாலும் விரைவாக நடைபெறும்.

இரண்டாவது, காற்றைத் தடுத்தல். நீர் வடியாமல் வாரக்கணக்கில் தேங்கி நின்றால், அடியிலுள்ள சருகுக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. அப்போது மட்குதல் மந்தமாகிறது. கயிறு திரிப்பதற்காகத் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறப்போடும்போதும் நார் அழியாமல் இருப்பதை நாம் அறிவோம். நாரின் கடினத்தோடு, அடியில் காற்றின்மையும் அதற்குத் துணைசெய்கிறது. ஆகவே, வெள்ளம் மட்குதலை விரைவுபடுத்துமா, தாமதப்படுத்துமா என்று கேட்டால், அது நீர் எத்தனை நாள் நின்றது என்பதைப் பொறுத்தது எனலாம்.

மூன்றாவது, இடம் மாற்றுதல். வெள்ளம் மேட்டிலுள்ள சருகை வாரிப் பள்ளத்திற் சேர்க்கிறது. மேல்கரையிலுள்ளதைக் கீழ்கரைக்குக் கொண்டு செல்கிறது. மரத்தின் அடிகளிலும் நாணற்புதர்களிலும் செத்தை தங்கி மேடிடுகிறது. அம்மேடுகளில் விதைகளும் சிக்கிக்கொண்டு, வெள்ளம் வடிந்தபின் முளைக்கின்றன. எஞ்சிய சருகு ஆற்றோடு கழிமுகத்தை அடைகிறது.

நான்காவது, புதைத்தல். நுண்ணிய வண்டலோடு கலந்து படியும் சருகு நிலத்துக்கு நல்ல உரம். குளத்து வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் இடும் வழக்கம் இதனை உணர்ந்தே தோன்றியது. ஆனால் பெருவெள்ளம் கொணரும் பருமணல் அடிகணக்கில் மூடிவிட்டால், அடியிலுள்ள சருகும் பயன்படாது. மேலுள்ள மணலும் பயிருக்கு உதவாது. மிதமான வெள்ளம் வளம் சேர்ப்பதற்கும், மிகுவெள்ளம் வளம் அழிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே புலனாகிறது.

கழிமுகத்தில் நிகழ்வது

புன்னைக்காயல், பழையகாயல் பகுதியில் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்குமிடத்தில் கண்டல் மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் வெண்கண்டலே மிகுதி. கரைமரங்களைப் போலன்றிக் கண்டல் மரம் ஆண்டு முழுவதும் இலை உதிர்க்கும். வெண்கண்டலின் இலை துவர்ப்புக் குறைந்தது. ஆதலின் சுரபுன்னை இலையைவிட விரைவில் மட்குகிறது. நண்டுகள் விழுந்த இலையை இழுத்துச் சென்று வளைக்குள் சேர்த்துவைத்து உண்கின்றன. அவ்வளைகளின் வழியாகச் சேற்றுக்குள் காற்றும் புகுகிறது.

தூத்துக்குடிக் கடற்கரையில் கடலேற்றத்துக்கும் கடலிறக்கத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. கடல் நீர் பல மீட்டர் உயரம் ஏறி இறங்கும் நாடுகளில், நாள்தோறும் கடலே கண்டல் காட்டைக் கழுவிச் சருகை எடுத்துச் செல்லும். நம் கரையில் அந்த ஆற்றல் சிறிது. எனவே கண்டற்காட்டின் உட்புறத்து மேடுகளில் தங்கும் சருகையும் துகளையும் வெளியே கொணர்ந்து பங்கிடுவதற்கு மழைக்கால ஆற்றுவெள்ளமே பெரிதும் உதவ வேண்டியிருக்கிறது. அந்த வெள்ளமே மண்ணில் ஏறிய உப்பையும் கழுவி, கண்டல் நாற்றுகள் வேரூன்ற வழிசெய்கிறது.

வெளிவரும் துகள் வீணாவதில்லை. மடவை மீன் அடிச்சேற்றிலுள்ள பாசியையும் மட்குத் துகளையும் மேய்ந்து வாழ்வது. இறால்களுட் பல வகை கடலில் முட்டையிட்டாலும், அவற்றின் குஞ்சுகள் கழிமுகத்தில் வந்து வளர்கின்றன. நண்டும் இங்கேயே வளர்கிறது. அமெரிக்க நாட்டின் புளோரிடாவில் ஹீல்டு, ஓடம் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1960-களின் இறுதியில் நடத்திய ஆய்வுகள், கண்டல் இலைத்துகள் மீன்களுக்கும் இறால்களுக்கும் உணவாகும் வழியை முதன்முதலாக விரிவாக எடுத்துக்காட்டின. பிற்கால ஆய்வுகள், நீரிலுள்ள பாசிகளின் பங்கும் பெரிதென்று கூறின. அப்பாசிகளுக்கும் ஆறு கொணரும் சத்துக்கள் தேவை என்பதை மறத்தலாகாது.

முத்துக்குளித்துறையும் ஆறும்

பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அதன்பின் சிறந்த காயலும் கடலை விட்டு விலகிற்று. பின்னர்ப் புன்னைக்காயல் துறையாக எழுந்தது. ஆறு நூற்றாண்டுதோறும் சுமந்து வந்த மணலும் வண்டலும் செத்தையும் கடலைத் தள்ளி நிலத்தை வளர்த்ததன் விளைவு இது. இக்கரையின் வரலாற்றையே எழுதியது வெள்ளம் என்று கூறினும் மிகையாகாது.

முத்துச்சிப்பிகள் வாழும் பார்கள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் ஆழ்கடலில் உள்ளன. சிப்பி நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களையும் நுண்துகளையும் உண்டு வாழ்வது. ஆற்றங்கரைச் சருகே முத்தாயிற்று என்று கூறுவது கவிஞர் கற்பனையாகலாம், ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. சிப்பிக்குத் தெளிந்த நீர் வேண்டும். மிகுந்த கலங்கலும் படியும் மண்ணும் அதனை மூச்சுத் திணறச் செய்யும். 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புக்குப் பின்னர், பார்கள் அத்தொழில் நடத்தும் அளவுக்குச் செழிக்கவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டனர். இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாதெனின், கரைக்காடும் கண்டல் காடும் மண்ணைத் தடுத்து நிறுத்திச் சத்தை மட்டும் சிறிது சிறிதாக விடுவது கடலுக்கு நலம். காடற்ற கரையிலிருந்து சேறாக வந்து கொட்டுவது கடலுக்குத் தீங்கு என்பதே. 1986-இல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையேயுள்ள 21 தீவுகளை உள்ளடக்கி மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அதன் பவளத்திட்டுகளுக்கும் கடற்புல் வெளிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

பிற நாடுகளின் படிப்பினை

தென் அமெரிக்காவின் அமேசான் ஆறு, மனவுஸ் நகரத்தருகே ஆண்டுதோறும் சராசரியாக 10 மீட்டர் அளவு உயர்ந்து தாழ்கிறது. கரைக்காடு பல மாதங்கள் நீருக்குள்ளேயே நிற்கிறது. அங்கே பல மரங்கள் வெள்ளக் காலத்திலேயே இலையுதிர்க்கின்றன. மீன்கள் காட்டுக்குள் நீந்திச் சென்று பழங்களை உண்கின்றன. ஜெர்மானிய அறிஞர் யுங்க் முதலியோர் 1989-இல், பெரிய ஆறுகளின் உயிர்வளத்துக்கு இத்தகைய வெள்ளத் துடிப்பே அடிப்படை என்னும் கருத்தை வெளியிட்டனர். நம் தாமிரபரணியில் வெள்ளம் மாதக்கணக்கில் நிற்பதில்லை. சில நாட்களில் வடிந்துவிடுகிறது. ஆகவே இங்கே நீருக்குள் மட்குவதைவிட, வாரிச் செல்லுதலும் நனைத்துவிட்டுப் போதலுமே முதன்மையான செயல்கள்.

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றுப் பகுதி மற்றொரு பாடத்தைப் புகட்டுகிறது. அணைகளாலும் நீண்ட வறட்சியாலும் சிறு வெள்ளங்கள் கரைக்காட்டை எட்டாமற்போயின. சருகு ஆண்டுக்கணக்கில் குவிந்தது. 2010, 2011-ஆம் ஆண்டுகளில் பெருவெள்ளம் வந்தபோது, குவிந்த சருகு முழுவதும் ஒரே வேளையில் நீரில் ஊறிற்று. நீர் கருநிறம் கொண்டது. நுண்ணுயிர்கள் பெருகி நீரிலிருந்த பிராணவாயுவை உட்கொண்டன. மீன்களும் நண்டுகளும் மூச்சின்றி மடிந்தன. சருகின்மீது பழிசொல்ல இடமில்லை. ஆண்டுதோறும் சிறிதளவாகப் பங்கிடப்பட வேண்டியது ஒரே நாளில் கொட்டப்பட்டதே தீங்காயிற்று.

தாமிரபரணியிலும் பாபநாசம், மணிமுத்தாறு, சேர்வலாறு அணைகள் நீரைத் தேக்கி நமக்கு உணவும் மின்சாரமும் குடிநீரும் தருகின்றன. அவை மிதமான வெள்ளங்களை அடக்கிவிடுகின்றன. ஆனால் 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்தவை போன்ற பெருவெள்ளங்களை முற்றும் அடக்க முடிவதில்லை. எனவே சிறு வெள்ளத்தின் நன்மை குறைந்து, பெருவெள்ளத்தின் தீமை நிற்கிறது. இந்நிலையில் கரையை எவ்வாறு பேணுவது என்பது கவலையோடு சிந்திக்கத்தக்கது.

அகற்றுவது எது, காப்பது எது?

கரையை வெறுமையாக்கினால் வெள்ளம் விரைந்து ஓடும் என்பது ஓரளவு உண்மை. ஆயினும் விரைந்தோடும் நீர் கரையை அரிக்கும். அரித்த மண்ணைக் கீழ் வயல்களில் பரப்பும். மருதத்தின் வேர் கரையைப் பற்றி நிற்பது நாம் கண்கூடாகக் காண்பது. ஆகவே நீர் ஓடும் படுகையையும், கரைமேட்டையும் வெவ்வேறாகக் கருதுதல் வேண்டும். படுகையிலும் வாய்க்காலிலும் மடைவாயிலும் நிறைந்துள்ள சீமைக்கருவேலும் ஆகாயத்தாமரையும் அடைப்புகளும் அகற்றத்தக்கவை. கரைமேட்டிலுள்ள நம் நாட்டு மரங்கள் காக்கத்தக்கவை. கரைமேட்டில் சீமைக்கருவேலை அகற்றினால், அவ்விடத்தை வெறுமையாக விடாமல் அதே மழைக்காலத்தில் மருதம், புங்கம், நாவல் கன்றுகளை நடவேண்டும்.

தீயிடுதலைப் பற்றியும் ஒரு சொல். சருகை எரித்தால் தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். எஞ்சும் சாம்பலிலுள்ள சத்து முதல் மழையிலேயே அடித்துச் செல்லப்படும். மூன்று மாதம் உழைத்து மரம் உதிர்த்ததை மூன்று நிமிடத்தில் இழப்பது எவ்வகையில் சிக்கனமாகும்?

இக்காலத்தில் சருகுக்குப் புதிய கேடு ஒன்றும் சேர்ந்துள்ளது. அது பிளாஸ்டிக் பை. வெறும் சருகு மதகில் அடைத்தால் சில நாளில் நைந்து வழிவிடும். பிளாஸ்டிக்கோடு பின்னிய சருகு நைவதில்லை. சுவர்போல் நின்று நீரைத் தடுக்கும். பின்னர் கழிமுகம் சென்று கண்டல் நாற்றுகளின் மீதும் மூச்சுவேர்களின் மீதும் போர்த்திக்கொள்ளும். வெள்ளத்துக்கு முன்னரே இதனைப் பிரித்தெடுத்தல் ஊரின் கடமை.

பள்ளிகள் செய்து பார்க்கத்தக்க சோதனை

இவ்வுண்மைகளை நம் சிறுவர்கள் தாமே கண்டறியலாம். ஆராய்ச்சியாளர்கள் உலகெங்கும் கையாளும் எளிய முறை இது. கடலோர ஊர்களில் கிழிந்த நைலான் வலைத்துண்டுகள் எளிதிற் கிடைக்கும். அவற்றைக் கொண்டு உள்ளங்கை இரண்டளவுள்ள பைகள் தைத்துக்கொள்க. புதிதாக உதிர்ந்த புங்கிலையை நிழலில் நன்றாக உலர்த்தி, ஒவ்வொரு பையிலும் 10 கிராம் நிறுத்து இட்டு, எண் எழுதிய ஓட்டை உள்ளே வைத்துத் தைத்துவிடுக.

அவற்றுள் ஆறு பைகளை நீரெட்டாத மேட்டில் மண்மீது கட்டுக. ஆறு பைகளை வாய்க்கால் ஓரத்தில் நனைந்தும் காய்ந்தும் இருக்கும் இடத்தில் கட்டுக. ஆறு பைகளை ஆழமற்ற தேங்குநீரில் அமிழ்த்துக. 15 நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வோரிடத்திலிருந்தும் ஒரு பையை எடுத்து, சேற்றை மெதுவாகக் கழுவி, உலர்த்தி நிறுத்து எழுதுக. மூன்று மாதங்களில் ஆறு முறை நிறுக்கலாம். எவ்விடத்துச் சருகு எவ்வளவு குறைந்தது என்பது எண்களாகவே விளங்கும். மற்றொரு வரிசையில் கண்டல் இலையையோ மாவிலையையோ இட்டு ஒப்பிட்டால், இலைக்கு இலை வேறுபாடும் தெரியும். கொசுவலைத் துணியில் ஒரு பை தைத்தால், சிற்றுயிர்கள் உள்ளே புகாதபோது மட்குதல் எவ்வாறு மாறுகிறது என்பதையும் காணலாம். ஆசிரியர் உடனிருத்தல் வேண்டும். ஆறு பெருகும் நாட்களில் எவரும் நீரருகே செல்லலாகாது.

ஊரார் செய்யத்தக்கவை

புரட்டாசி முடிவதற்குள் மதகு, மடை, வாய்க்கால் ஆகியவற்றில் அடைந்துள்ள செத்தையை அகற்றி, பிளாஸ்டிக்கைப் பிரித்து, மிகுதியைக் குழியில் மட்கச் செய்யலாம். 10 அடி நீளமும் 6 அடி அகலமும் 3 அடி ஆழமும் உள்ள குழியில் அரையடி கனத்துக்குச் சருகு பரப்பி, சாணக் கரைசல் தெளித்து, சிறிது மண் தூவி, அடுக்கடுக்காக நிரப்புக. ஈரம் குறையாமல் காத்து, இடையில் ஒருமுறை புரட்டிவிட்டால் சில மாதங்களில் நல்ல எரு கிடைக்கும். காய்ந்த சருகை மட்கச் செய்யாமல் நேரே வயலில் புதைத்தல் கூடாது. நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கென எடுத்துக்கொள்வதால், பயிர் சிலகாலம் வெளிறிப்போகும். வாழைத் தோட்டத்தில் மரத்தைச் சுற்றி மேலாக மூடாக்கு இடுதல் நன்று, ஈரமும் காக்கப்படும்.

கரைமேட்டிலும் கண்டல் காட்டிலும் கிடக்கும் சருகை அவ்விடத்திலேயே விட்டுவிடல் வேண்டும். அதன் பங்காளிகள் மண்புழுவும் நண்டும் மீனும் ஆவர். கழிமுகத்தின் சிறுகால்களை அடைத்து நீரோட்டத்தைத் தடுத்தலும் கூடாது.

இறுதியாக ஒன்று. ஆற்றுநீர் வீணாகக் கடலிற் கலக்கிறது என்று நாம் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். வயல் காயும்போது உழவர் அவ்வாறு வருந்துவது நியாயமே. குளங்களைத் தூர்வாரி, வரும் நீரைத் தேக்குதல் நம் கடமை. ஆயினும் மழைக்காலத்தில் ஆறு தன் முகத்துவாரத்தை அடையும் நீர் முழுவதும் வீணென்று கூறுதல் பொருந்தாது. அந்நீர் கண்டலின் உப்பைக் கழுவுகிறது, சருகைப் பங்கிடுகிறது, இறாற்குஞ்சுக்கு உணவளிக்கிறது. ஸ்ரீவைகுண்டத்து உழவருக்கு மதகின்வழியே வரும் நீர் எத்தகையதோ, புன்னைக்காயல் மீனவருக்கு முகத்துவாரத்தின்வழியே வரும் வெள்ளம் அத்தகையது. இருவரும் ஒரே ஆற்றின் மக்கள்.

மரம் உதிர்க்கிறது, கரை சேர்த்து வைக்கிறது, வெள்ளம் பங்கிடுகிறது. இம்மூன்றும் தத்தம் வேலையைச் செய்வதற்கு நாம் இடையூறு செய்யாதிருத்தலே பெரிய தொண்டு. வரும் மாசியில் மருதமர நிழலில் சருகு உதிர்ந்து கிடக்கக் காணும்போது, தீக்குச்சியை எடுப்பதற்கு முன்னர், இது யாருடைய உணவு என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.